சம்பந்தி போட்ட கையெழுத்து

"மேடம், நீங்க தாராளமா விமானத்துல ஏறலாம். ஆனா பின்னாடிதான் உட்காரணும்" என்றார் தலைமைக் குமாஸ்தா.

அரசு விமானத் துறையில், விமானிகளோடு கூடவே பறந்து அவர்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் அவள். சரக்கு விமானக் கம்பெனி ஒன்றின் விமானிகள் சோதனைக்காக வரிசையில் காத்திருந்தார்கள். சோதனை முடியாவிட்டால் சரக்கு அத்தனையும் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று அதன் மேனேஜர் காலையிலிருந்து அவள் அறை வாசலைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் பின்னாடி உட்கார் என்றால்?

விஷயம் இதுதான். மற்றவர்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரும் வருஷத்துக்கு ஒருமுறை தானே சோதனைக்கு உட்பட வேண்டும். தகுதியுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லி, திருப்தியானால் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாத இன்ஸ்பெக்டரும் டிக்கெட் வாங்கின பயணியும் ஒன்றுதான். அவளுடைய கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. மற்ற எல்லோருடைய கெடுவும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தன்னுடையதை மட்டும் கோட்டை விட்டுவிட்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன் மேடம். அப்ப ஒரு பைலட்டை நிக்க வெச்சு, 'தேதியை ஞாபகம் வெச்சுக்கத் தெரியாதவன் எதுக்கு விமானம் ஓட்டணும்'னு கேட்டுட்டிருந்தீங்க. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

விமானிகள் அவளுக்கு 'மறுபடியும் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு அழகாக இறக்கினாலும் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் "மறுபடியும்" என்பாள். அவளிடம் சலுகை வாங்கியவர் இதுவரை யாரும் பிறக்கவில்லை. ஆகவே தனக்கென்று போய்ச் சலுகை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

முதலில் பறக்கும் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரைக் கூப்பிட்டாள். அவர் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். அவரும் சந்தோஷமாக வருகிறேன் என்றார். வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். அவருடைய தகுதி போன வாரம் காலாவதியாகி, அதை அவளே நிறுத்தி வைத்திருந்தாள்.

"நீங்க எனக்குப் போட்டுடுங்க மேடம், நான் உடனே உங்களுக்குப் போட்டுடறேன்."

"நான் போட முடியாதே."

"அப்ப நானும் போட முடியாதே."

இருவரும் போனை வைத்தார்கள்.

அடுத்து, பயிற்சி மையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே விமானியின் அறையை அப்படியே செய்து வைத்த யந்திரம் ஒன்று உண்டு. தரையிலேயே உட்கார்ந்து பறக்கலாம். அந்தச் சோதனையும் கணக்கில் சேரும். போய்ப் பார்த்தால் யந்திரத்தின் கதவில் பூட்டு. ஏதோ ஒரு விளக்கு பச்சைக்குப் பதில் மஞ்சளாக எரிகிறதென்று போன மாதம் பூட்டியவளும் அவளே. விளக்கைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத்தான் திறக்க வேண்டும்.

மைய நிர்வாகி மிகவும் மரியாதையாகப் பேசினார். பூட்டும் உங்களுடையது, சாவியும் உங்கள் கைப்பையில்தான் இருக்கிறது, திறக்கிற அதிகாரம்தான் நேற்றோடு போய்விட்டதாக உங்கள் குமாஸ்தா இப்போதுதான் போன் செய்தார் என்றார்.

திரும்பி வந்து குமாஸ்தாவைப் பிடி பிடியென்று பிடிக்க நினைத்தாள். முடியவில்லை. யாருடைய தகுதி போனாலும் அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு உத்தரவு போட்டு வைத்திருந்தது அவள்தான். அவரும் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஓடுபாதையில் புல் வெட்டுகிறவர் வரைக்கும் செய்தி போயிருந்தது. துறை இயக்குநருக்கும் போயிருந்தது. வாரக் கடைசிக்குள் இதை முடிக்காவிட்டால் புகார்ப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று அவர் சாந்தமாகச் சொன்னார்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள். பக்கத்து நகரத்து அலுவலகத்தின் இன்ஸ்பெக்டர். அவர் வேறு யாருமில்லை, அவள் சம்பந்தி. மகளுடைய மாமனார்.

மகளுக்குக் கல்யாணமான புதிதில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டபோது, பேச்சு வாக்கில், "சம்பந்தி விமானத்தை இறக்கறது மூட்டை இறக்கற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அதிலிருந்து இருவருக்கும் இடையே 'சௌக்கியமா'வுக்கு மேல் பேச்சு நகர்ந்ததில்லை.

"கூப்பிட்டுப் பேசிடேன்" என்றார் கணவர்.

"மூஞ்சியை எங்கங்க வெச்சுக்கிட்டுப் பேசறது?"

"போன்லதானே பேசப் போறே. மூஞ்சி தெரியாது."

கூப்பிட்டாள். அவள் பாதி சொல்வதற்குள், வருகிறேன் என்றார் சம்பந்தி. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. கெஞ்சத் தயாராக இருந்தவளுக்கு அதுதான் சந்தேகமாக இருந்தது. மறுநாள் காலை, கை கொள்ளாத பழங்களோடு வாசலில் நின்றார். வீடு நன்றாக இருக்கிறது என்றார். திரைச்சீலை நன்றாக இருக்கிறது என்றார். மாடிப்படியைக்கூட விடவில்லை.

சமையலறையில் கணவரிடம், "பழி வாங்கத்தான் வந்திருக்கார். என்னை ஃபெயிலாக்கிட்டுத்தான் போவார்" என்று முணுமுணுத்தாள். மகள் போன் செய்து, மாமாவிடம் கொஞ்சம் பணிவாகப் பேசு, நான் அந்த வீட்டில்தான் காலம் தள்ளணும் என்று கேட்டுக்கொண்டாள்.

விமானத்தில் ஏறி அவள் ஓட்ட, சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கவாட்டில் காற்று அடித்தது. முதல் முறை இறக்கியபோது சக்கரம் தரையில் பட்ட வேகத்தில் சம்பந்தியின் சட்டைப்பையிலிருந்த பேனா எகிறி அவர் மடியில் விழுந்தது. மூட்டை என்ற சொல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பூ மாதிரி" என்றார் அவர்.

"அது பூ இல்லை சம்பந்தி."

"பூதான்."

"எனக்கு முதுகெலும்பு வரைக்கும் தெரிஞ்சுது."

"கனமான பூ."

அவளால் பொறுக்க முடியவில்லை. "மறுபடியும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஏற்றினாள். அடுத்த இறக்கமும் அதற்கடுத்ததும் உண்மையிலேயே நன்றாக அமைந்தன. சம்பந்தி பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அப்படிச் சொன்னது தப்பு என்றாள். அந்தக் காலத்தில் தான் இறக்கியது மூட்டை மாதிரிதான் என்று அவரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

பிறகு வேலை பறந்தது. யந்திரத்தின் பூட்டைத் திறந்தாள். பயிற்சியாளரோடு பறந்து அவருக்குக் கையெழுத்துப் போட்டாள். சரக்கு விமானிகளை ஒவ்வொருவராகச் சோதித்து அனுப்பினாள். விமானங்கள் சரக்கோடு கிளம்பின. மேனேஜர் பூங்கொத்து அனுப்பினார். இயக்குநர் புகார்ப் பிரிவு நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டதாகச் சொன்னார்.

சம்பந்தி மட்டும் கிளம்பவில்லை. தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் எதிரே வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமுவார். "சம்பந்தி, ஒரு விஷயம்..." என்பார். அவள் நிமிர்ந்து பார்த்ததும், "ஒண்ணுமில்லை, காப்பி நல்லா இருக்கு" என்று எழுந்து போய்க் காய் நறுக்க ஆரம்பித்துவிடுவார். பாவம், மனுஷனுக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லை என்று அவள் நினைத்தாள். இவ்வளவு நல்லவரை இத்தனை வருஷம் ஒதுக்கி வைத்தோமே என்றும் வருத்தப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பந்தியம்மா போன் செய்தார். அவள் உருகி உருகி நன்றி சொன்னாள். சம்பந்தி மட்டும் வந்து கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால் இந்த வாரம் ஒரு விமானமும் கிளம்பியிருக்காது என்றாள்.

"அது கிடக்கட்டும் சம்பந்தி, அவருக்கு நீங்க எப்பக் கையெழுத்துப் போடப் போறீங்க? அவரோட கெடு போன மாசமே முடிஞ்சுபோச்சு, முதல்ல உங்களுக்குப் போட்டுட்டா அப்புறம் நீங்க மாட்டேன்னு சொல்ல முடியாதுன்னுதானே நீங்க கூப்பிட்டதும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தாரு."