ஆட்டிப்பார் அண்ணனும் வயர் இல்லாத டிரில்லும்

சிங்கப்பூரில் மரத்தால் செய்த எந்தப் பொருளும் ஆட்டிப்பார் அண்ணனின் கையிலிருந்து தப்பியதில்லை. உட்காருமுன், சாயுமுன், கை வைக்குமுன் எதையும் ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்ப்பார். அது ஆடினால் அந்த இடத்தில் மனிதர் நிற்கமாட்டார். அவருடைய உண்மைப் பெயர் என்னவென்று பட்டறையில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவரும் நாங்கள் வைத்த பெயருக்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

ஒரு கல்யாணத்தில் தனக்குப் போட்ட நாற்காலியைக் கவிழ்த்து நான்கு காலையும் சோதித்தார். அதோடு விட்டாரா? அந்த வரிசையில் இருந்தவர்களையெல்லாம் எழுப்பி அவர்கள் நாற்காலிகளையும் சோதித்தார். தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணோமே என்று தேடினால், மணவறைக் கால் ஒன்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "அவரக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க லா, மொதல்ல கல்யாணம் முடியட்டும்" என்றார். அண்ணன் போகிற போக்கில், "மூணு கால் சரியா இருக்கு சாமி, அந்தப் பக்கம் மட்டும் சாஞ்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கெர்பாவ் ரோட்டுப் பின்சந்தில் எங்கள் பட்டறை. நான் அங்கே ஸ்டோர் கிளார்க். அறுபதுகளின் பின்பாதியில் தோ பாயோவில் அடுக்குமாடி வீடுகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. கதவும் ஜன்னலும் செய்து அங்கே கொண்டுபோய் மாட்டுவது எங்கள் வேலை. பாதி கட்டிய வீட்டில் மின்சாரம் ஏது? அதனால் எல்லாத் துளையும் கையால் சுற்றும் டிரில்லால்தான். அந்தச் சமயத்தில்தான், பேட்டரியில் ஓடுகிற, வயரே இல்லாத டிரில் ஒன்றைப் பெட்டியில் ஏந்திக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்து விற்பனையாளர் வந்தார். கழுத்தில் டை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஒரு கிழமை வச்சுப் பாருங்கோ. பிடிச்சா எடுங்கோ, பிடிக்காட்டி நான் திருப்பிக் கொண்டு போறன்" என்றார். முதலாளி அதை அப்படியே அண்ணன் கையில் கொடுத்தார். எங்கள் பட்டறையில் அண்ணன் தலையசைக்காமல் ஓர் உளி கூட உள்ளே வந்ததில்லை.

அண்ணன் டிரில்லைக் காதோரம் வைத்து ஆட்டினார். இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கினார். நீட்டிய கையில் அதைப் பிடித்தபடியே மறு கையால் ஒரு குவளை கோப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். மேசையிலிருந்து மரத்தூள் குவியல் மேல் அதைத் தள்ளிவிட்டபோது விற்பனையாளருக்குச் சிரிப்பு போய்விட்டது. பிறகு மெராந்தி மரப் பலகையில் வரிசையாகத் துளை போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், துளை போடும்போதெல்லாம் இடது கையால் ஒரு மரத்தூள் மூட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டிருந்தார். மூட்டை சரிந்தால் துளை போடுவதை நிறுத்திவிட்டு அதை நிமிர்த்திக்கொள்வார். பட்டறையே சிரித்தது. முதலாளி, "அந்த மூட்டைய எறக்கி வச்சிட்டுப் போடேம்பா" என்றார்.

"மத்த கை சும்மா இருக்காதுங்க முதலாளி. ஒரு கையில வேல நடக்குதான்னுதான் பாக்கணும்."

இரண்டு நாள் பட்டறையில் பார்த்தார், ஒருநாள் தோ பாயோவில் பார்த்தார், அப்புறம் "வீட்டு மரத்துலயும் பாக்கணும்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாரம் முடிந்து விற்பனையாளர் வந்து நின்றார். டிரில்லும் இல்லை, அண்ணனும் இல்லை. முதலாளி என்னை அனுப்பினார்.

சிராங்கூன் ரோட்டைப் பார்த்த மாடி அறை அது. பலகைத் தடுப்பு, ஒரே ஒரு பல்பு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே பார்த்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணன் இடது கையால் ஓர் அம்மாளை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். வலது கையில் டிரில். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை பலகைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கட்டை ஓடியது. மூட்டையைப் பார்த்துச் சிரித்தது அப்போது என் நினைவுக்கு வந்தது.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் என்றோ, கட்டிலை விட்டு எழுந்து ஒரு வருஷமாகிறது என்றோ அவர் யாரிடமும் சொன்னதில்லை. தைப்பூசக் காவடியை ஜன்னலில் நின்று தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. பூசத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் அண்ணியை நிற்கவைத்து, கை எந்த உயரத்தில் படிகிறதோ அங்கேயே துளை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். விட்டால் அண்ணி விழுந்துவிடுவார். அதனால்தான் ஒரு கை.

"உள்ள வாங்க தம்பி" என்றார் அண்ணி, வாய் லேசாகக் கோணியிருந்தாலும் பேச்சில் குறும்பு இருந்தது. "இவரு என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப மூஞ்சியப் பாக்கல. நான் ஒக்காந்திருந்த நாக்காலியப் புடிச்சு ஆட்டுனாரு."

"ஆடுச்சுல்ல" என்றார் அண்ணன், திரும்பாமல்.

ஜன்னலை ஒட்டிய கடைசித் துளைக்கு டிரில்லை வைத்தார். அது ஒரு முனகலோடு நின்றது. சார்ஜ் போடும் பெட்டி பட்டறையில் கிடந்தது. போட்டாலும் ஒரு ராத்திரி ஆகும். கட்டில் எட்டி இருந்தது, அண்ணியின் கால்கள் நடுங்கின. கையால் சுற்றும் டிரில் மூலையில் இருந்தது, ஆனால் அதற்கு இரண்டு கையும் வேண்டும். நான் போய் அதை எடுத்தேன்.

"நீ போட்டா ஆடும் தம்பி" என்றார் அண்ணன்.

"தம்பி போடட்டுங்க. உங்க கையும் நடுங்குது" என்றார் அண்ணி.

வாழ்க்கையில் ஆணி தவிர வேறெதையும் மரத்தில் இறக்காதவன் நான். வியர்க்க வியர்க்கச் சுற்றித் துளை போட்டு, ஸ்குரூவை முறுக்கினேன். அண்ணன் டிரில்லை அக்குளில் இடுக்கிக்கொண்டு கட்டையைப் பிடித்து ஆட்டினார். "ஆடுது." மறுபடி முறுக்கினேன். "இன்னும் ஆடுது." மூன்றாவது தடவை கட்டை அசையவில்லை. மெல்லத் தன் கையை அண்ணியின் இடுப்பிலிருந்து எடுத்தார். அண்ணி கட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார்.

அண்ணன் பட்டறைக்கு வந்து முதலாளியிடம் தீர்ப்புச் சொன்னார். "நல்ல மிஷின்தாங்க. ஒரு கையில வேல செய்யலாம். ஆனா கடைசி ஓட்டைக்கு முன்னால நின்னுடும். பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும்." முதலாளி டிரில்லை வாங்கிக்கொண்டார், பழைய கை டிரில்களையும் தூக்கிப் போடவேண்டாம் என்றார்.

பூசத்தன்று கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நான் அண்ணாந்து பார்த்தேன். மாடி ஜன்னலில் அண்ணி நின்றிருந்தார், தலை நிறையப் பூ. அண்ணன் அரையடி பின்னால், தொடாமல் நின்றார். அவர் காவடியைப் பார்க்கவேயில்லை.

அடுத்த தீபாவளிக்கு அண்ணி இல்லை. மறுபடியும் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து அண்ணன் வேலைக்கு வந்த காலையில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அவர் யாரையும் பார்க்காமல் நேரே போய், தன் மேசைக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஆட்டிப் பார்க்கவில்லை. அதன் கால் ஒன்று ஆடுகிறது என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், அவருக்குத்தான் முதலில் தெரியும். முக்காலி சரிந்து தரையில் விழுந்தார்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வேட்டியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "அதுக்கென்ன தம்பி இப்ப" என்றார். அதன் பிறகு அவர் எதையும் ஆட்டிப் பார்த்து நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடிக்காமல் நிற்பார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கேட்கவே கஷ்டமாக இருந்தது.

அந்த முக்காலியின் காலை அன்றைக்கே சரிசெய்துவிட்டோம். ஆனாலும் அவர் வேலையை விட்டுப் போகிறவரை, தினமும் காலையில் அவர் வருமுன்னே நான் பட்டறைக்குப் போய் அதைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்து வைப்பேன்.