என் கையால் மட்டும் சாப்பிடும் நாய்

இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரு ஜீவனாவது இருந்தே தீர வேண்டும். இப்படி முடிவெடுத்துத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வண்டியை விட்டேன். நாய் வளர்க்கிற கௌதம்ராஜின் தோட்டத்தில், பால் வெள்ளையாக, ரோஸ் மூக்கோடு ஒரு குட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தது. பெண் பார்க்கப் போன அன்று பாண்டிசெல்வி பார்த்த அதே பார்வை. நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, இது சொன்னபடி ஆடுற நாயில்ல. வேட்டைக்குப் பொறந்தது. தானா முடிவெடுக்கும்" என்றார் கௌதம்ராஜ். "காலையிலயும் சாயந்தரமும் ஓட விடணும். கட்டியே போட்டா கிறுக்குப் புடிச்சிரும். முக்கியமா, நீங்க கூட இருக்கணும்."

"இருந்துட்டாப் போச்சு" என்றேன். பெயிண்ட் கடையை மூடியதும் கேரம் கிளப்புக்குப் போய், செத்த நேரம் என்று உட்கார்ந்து, ஊர் அடங்கிய பிறகு எழுகிற ஆள் நான் என்பது அவருக்குத் தெரியாது.

பாண்டிசெல்வி வாசலை மறித்தாள்.

"இது யாரு?"

"வல்லரசு."

"வீட்டுக்கு ஒண்ணு போதாதா?"

"உனக்குத் தொந்தரவே இருக்காது. எல்லாம் நான் பாத்துக்கிடுவேன்."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

"சரி" என்று வழிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் வழக்கு.

வல்லரசு வளர்ந்தான். வா என்றால் வர மாட்டான். போ என்றால் யோசிப்பான். பந்தை எறிந்தால், எறிந்தவனே எடுத்துக்கொள்ளட்டும் என்று படுத்துவிடுவான். ஆனால் ஓர் ஓணான் அசைந்தால் போதும், சங்கிலியோடு சேர்த்து என்னையும் மடவார் வளாகத்துத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு ஓடுவான். அதட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிஸ்கட் லஞ்சம் கொடுத்தேன், தின்றுவிட்டுத் திருப்பிக்கொண்டான். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கண்மாய்க் கரையில் அவன் பின்னால் சும்மா ஓடினேன். முடியாதபோது உட்கார்ந்தேன். ஒருநாள் அவனாகவே வந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்தான். கூப்பிடாமல் வந்த தலையின் கனமே தனி. அசைந்தால் போய்விடுவானோ என்று, கால் மரத்துப் போகும்வரை அப்படியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து பெருமையடித்தேன்.

"அதான் நான் வச்சாத் திங்க மாட்டேங்கான்" என்று பாண்டிசெல்வி தட்டைக் காட்டினாள். சோறு அப்படியே இருந்தது. "ஒரு கைக்குத்தான் பழகுவான் போல. உங்க கை பட்டாத்தான் எறங்குது."

எனக்கு மார்பு விரிந்தது. கிளப் நின்றது. கடையை மூடினால் வீடு. குற்றாலம் சீசனுக்குக் கூட்டாளிகள் வேன் பிடித்தார்கள், நான் போகவில்லை. அவன் சாப்பிட்ட பிறகு எனக்கும் பொழுது போக வேண்டுமே? பாண்டிசெல்வி பூக் கட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்பேன். அவள் எவ்வளவு நன்றாகச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். தட்ட முடியவில்லை. மண்டபத்திலிருந்து போன் போட்டேன்.

"சாப்பிட்டானா?"

"எங்க! ஒரு பருக்கை தொடல. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கான். எப்ப வாரீக?"

எனக்கு முன்னால் இலை போட்டாகிவிட்டது. அப்படியே எழுந்து போய் பஸ் ஏறினேன்.

கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தேன். கொல்லையில் பாண்டிசெல்வி சப்பணமிட்டு உட்கார்ந்து, முட்டையும் சோறுமாகப் பிசைந்து உருட்டிக் கொடுக்க, வல்லரசு அவள் மடியில் ஒரு காலைப் போட்டபடி வாங்கி வாங்கி விழுங்கினான். என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டினான். அடுத்த உருண்டைக்குத் திரும்பிக்கொண்டான்.

"ஏட்டி! ஒரு பருக்கை தொடலன்ன?"

அவள் பதறாமல் அடுத்த உருண்டையை உருட்டினாள்.

"அப்ப தெனமும் தட்டுல அப்படியே கெடந்த சோறு?" என்றேன்.

"அது அவன் வயிறு நெறஞ்ச பொறவு நான் போட்டு வச்சது."

"என் கையால தின்னானே?"

"அது பிரியத்துல ரெண்டு வாய். அதுல ஒண்ணும் பொய்யில்ல."

"அவன் உன்கிட்ட எப்பப் பழகுனான்?"

கடைசி உருண்டையைக் கொடுத்துவிட்டுக் கையை உதறினாள்.

"வந்த மறுநாளே பழகிட்டான். உங்களப் பழக்கத்தான் எனக்கு நாளாச்சு."