எக்ஸ்போர்ட் ஷூ மூன்று மூட்டை

ஆம்பூரில் பிறந்தவர்களுக்கெல்லாம் தோலைப் பற்றித் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை. வேலூரில் பிசியோதெரபி படித்த காலத்தில் தோழிகள் புதுச் செருப்பு வாங்கினால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் முகர்ந்து பார்த்து, கட்டைவிரலால் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு "ஒரிஜினல்" என்பேன். (பிரியாணி தவிர ஆம்பூரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நான் அந்த கேட்டைக்கூடத் தாண்டியதில்லை.)

இரண்டாம் ஆண்டில் வடக்கே மலைப்பகுதியில் பெரிய நிலநடுக்கம். டிவியில் பார்த்த காட்சிகளுக்குப் பிறகு ஹாஸ்டலில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எங்கள் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சிலர் மருந்துப் பெட்டிகளோடு அங்கே கிளம்பினார்கள். எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடும் சுருள்கள் போதவில்லை, அவற்றை மாணவர்கள் வாங்கித் தரட்டும் என்று முடிவாயிற்று.

எங்கள் வகுப்பு லீடர் பிரிசில்லா, அரக்கோணத்துக்காரி, கூட்டம் போட்டாள். கேக் விற்கலாம் என்றாள் ஒருத்தி. கார் கழுவலாம் என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து நின்று, "எக்ஸ்போர்ட் ஷூ தர்றேன்" என்றேன். கைதட்டல் அடங்குவதற்குள் வராந்தாவுக்குப் போய் அப்பாவுக்கு போன் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு, நிலநடுக்கத்துக்கு, ஷூ வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன். மேனேஜரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றவர், சாயங்காலம் திரும்ப அழைத்தார்.

"சாம்பிள் தான்மா கீது. பரவால்லியா?"

"சாம்பிள்னா இன்னும் நல்லது தானேப்பா."

"சாம்பிள்னா இன்னான்னு தெரியும் இல்ல?"

"ஆம்பூர்ல பொறந்துட்டு அதுகூடத் தெரியாதா?"

அப்பா போனை வைத்துவிட்டார். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுவதற்கென்றே பார்த்துப் பார்த்துத் தைத்த சரக்கு என்பது வரையில் என் அறிவு சரியாகத்தான் இருந்தது.

'ஒரு கூப்பன், ஒரு ஜோடி' என்று என் கையாலேயே போஸ்டர் எழுதினேன். ஜோடி என்ற சொல்லுக்கு இரண்டு பூ வேறு வரைந்தேன். கூப்பன்கள் பறந்தன. சிரித்தே யாரும் பார்த்திராத அனாடமி சார்கூட ஒன்று வாங்கினார். வந்த பணம் அத்தனைக்கும் மாவுக்கட்டுச் சுருள் வாங்கி, பெட்டிகளில் அடுக்கி, சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்குத் தயாராக வராந்தாவில் வைத்தாயிற்று. அன்று மதியம் ஷூ வந்து சேர வேண்டும்.

வந்தது. மினி லாரியிலிருந்து அப்பாவே மூன்று மூட்டைகளை இறக்கினார். கேன்டீன் பக்கத்து மரத்தடியில் முதல் மூட்டையைக் கவிழ்த்தோம். ஒவ்வொன்றும் பளபளவென்று ஒவ்வொரு மாடல். பிரிசில்லா ஜோடி சேர்க்க உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து, "எல்லாம் இடது கால்டி" என்றாள். வலது கால் அடுத்த மூட்டையில் இருக்கும் என்றேன். அதிலும் இடது கால். மூன்றாவது மூட்டையின் கட்டை நான் பிரித்ததைவிட, அது பிரியாமல் இருக்க வேண்டிக்கொண்டதுதான் அதிகம்.

"சாம்பிள் ஒத்தக் கால் தாம்மா வரும்" என்றார் அப்பா நிதானமாக. "பார்ட்டி பாக்கறதுக்குத் தானே. அவன் இன்னா போட்டுக்கினு நடக்கப் போறானா?"

"ஏம்பா சொல்லல?"

"தெரியும்னியே."

"ஒத்தக் கால் ஷூவ வெச்சி நாங்க இன்னா பண்ணுவோம்னு நெனச்சீங்க?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "நெலநடுக்கம், ஆஸ்பத்திரின்ன. கால் போனவங்களுக்குக் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். மேனேஜர் கண் கலங்கிட்டாரு. உன் பொண்ணுக்கு இன்னா மனசுய்யான்னு, மூணு மூட்டையும் அவரே ஏத்தி வுட்டாரு."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. (நிலநடுக்கத்துக்கு நன்கொடை திரட்டுகிறவள் அப்படி நினைக்கலாமா என்று அப்போது தோன்றவில்லை.) கூப்பனோடு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். யாராவது காசைத் திருப்பிக் கேட்டால், வராந்தாவில் இருக்கும் பெட்டிகள் மருந்துக் கடைக்குத்தான் திரும்ப வேண்டும். ஒரு பெட்டி குறைந்தால் அங்கே எத்தனை கால் கட்டில்லாமல் கிடக்கும் என்று பிரிசில்லா என் காதில் கணக்குச் சொன்னாள்.

முதலில் வந்தவர் அனாடமி சார். சாம்பிள் அத்தனையும் எட்டாம் நம்பர். சாருக்கும் எட்டு. பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலில் மாட்டி, லேஸ் கட்டி, வலது காலை நீட்டிக் காத்திருந்தார்.

"அவ்ளோ தான் சார்" என்றேன்.

நடந்ததைப் பிரிசில்லாதான் அவரிடம் சொன்னாள். சார் வராந்தாவில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நன்கொடைக்காக ஒத்தக் கால்ல நிக்கறவங்கள பார்த்திருக்கேன். குடுத்தவன ஒத்தக் கால்ல நிக்க வெக்கறவங்கள இப்ப தான் பாக்கறேன்."

சொல்லிவிட்டு எழுந்து, இடது காலில் புது பிரவுன் ஷூவும் வலது காலில் பழைய கறுப்பு ஷூவுமாக டிபார்ட்மென்டுக்கு நடந்தார். அவரே வாங்கிக்கொண்டு போன பிறகு காசு கேட்க யாருக்கு வாய் வரும்? அன்று மதியம் வளாகத்தில் பாதிப் பேர் இரண்டு நிறக் காலோடு திரிந்தார்கள். எட்டு பொருந்தாதவர்கள் பேனா போட்டு வைக்க எடுத்துப் போனார்கள். கேன்டீன் அண்ணன் மட்டும் நான் படித்து முடிக்கும் வரை, டீ தரும்போதெல்லாம் வலது கால் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிகள் ஒன்று குறையாமல் ரயிலேறின.

மேனேஜரிடம் மட்டும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்றேன். "கண் கலங்குன மனுசன பேஜார் பண்ணாத" என்று அப்பா தடுத்துவிட்டார். விளைவு, ஆர்டர் எடுக்கும் சீசன் முடிந்ததும் வருடா வருடம் ஒரு மூட்டை வீட்டுக்கு வந்தது. இப்போது நான் வேலை பார்ப்பது கால் இழந்தவர்களுக்கு நடைப் பயிற்சி தரும் இடத்தில். வலது கால் போய், கட்டையூன்றி நடக்கிறவர்களில் எட்டாம் நம்பர்க்காரர்களுக்கு அதைக் கொடுத்துவிடுகிறேன். மேனேஜர் நினைத்த நல்லவளாக நான் அன்று இருக்கவில்லை என்ற வெட்கம் இப்படிக் கொஞ்சம் குறைந்தது.

போன வருடம் என் கல்யாணத்துக்கு மேனேஜர் வந்தார். மேடையில் என் மாமனாரிடம் என் பெருந்தன்மையைப் பற்றி விரிவாகப் பேசினார். பிறகு தோளிலிருந்த மூட்டையை மாப்பிள்ளை காலடியில் இறக்கிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"இந்தத் தடவ சாம்பிள் எல்லாத்தையும் வலது கால்ல போடச் சொல்லிட்டேம்மா. இடது கால் போனவங்களும் பாவம் தானே."

அப்பா பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.