நிரந்தரமான கோட்டு

என் மனைவியின் தம்பி இந்தக் கதையைச் சொல்லிப் பல வருஷமாகிறது. அன்றிலிருந்து எனக்கு இதில் சந்தேகம்தான். ஆனால் பொய் சொல்கிற அளவுக்குக் கற்பனை உள்ளவன் அல்ல அவன், அதுதான் இடிக்கிறது.

ஆய்வகமொன்றில் புரதங்களைத் தேடுவது அவன் வேலை. புரதம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு ஒரு சின்ன வாலை ஒட்டவைப்பார்கள். அந்த வாலை மட்டும் கவ்விப் பிடிக்கிற ஆன்டிபாடி என்ற பொருளை மேலே ஊற்றுவார்கள். பிறகு எடுக்கிற படத்தில் கறுப்புக் கோடு விழுந்தால் வால் இருக்கிறது. வால் இருந்தால் புரதமும் இருக்கிறது என்று கொள்வார்கள்.

இதைப் பார்வையிட்ட இயக்குநர் மெய்சிலிர்த்துப் போனார். மறுநாளே அறைக்கு அறை ஒரு கருவியும் கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தன: "பணியாளர் ஒவ்வொருவரும் தமது ஆய்வகக் கோட்டில் மஞ்சள் வில்லை ஒன்றைப் பிரிக்கவியலாதவாறு தைத்துக்கொள்ள வேண்டியது. கருவி வில்லையைக் கண்டால் ஆள் வந்ததாகவும், காணாவிடில் வராததாகவும் கருதப்படும்."

தற்காலிகப் பணியிலேயே தலை நரைத்துக்கொண்டிருந்த மைத்துனனுக்கு, வேலையை நிரந்தரமாக்கும் நேர்காணல் வந்தது. கடைசி வாய்ப்பு, தவறினால் வீட்டுக்கு. ஆனால் ஆய்வகக் கோட்டை ஆய்வகத்துக்கு வெளியே அணியக்கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. விதிக்குப் பயந்தவன் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் சட்டையோடு குழுவின் முன் போய் நின்றான்.

கருவி மௌனம் சாதித்தது.

"ஆள் வரலையே," என்றார் தலைவர்.

"ஐயா, நான்தான். இதோ நிக்கிறேனே!"

"நிக்கிறது தெரியுது. வந்தது தெரியலையே."

"கோட்டைப் போட்டுக்கிட்டு இங்கே வரக்கூடாதுங்களே?"

"போடத்தானே கூடாது? தூக்கிட்டு வரலாமே," என்றார் நிர்வாக அதிகாரி.

கடைநிலை ஊழியர் கோட்டை ஹேங்கரோடு கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்துவைத்தார். கருவி 'கீ' என்றது.

"வாங்க வாங்க, சௌகரியமா உக்காருங்க," என்றார் தலைவர், கோட்டிடம்.

மைத்துனனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, வால் அறுந்து தனியா வந்தாலும் ஆன்டிபாடி பிடிச்சிடும். அதனாலதான் புரதத்தையே பிடிக்கிற இன்னொரு ஆன்டிபாடியை வச்சும் நாங்க ஒரு தடவை சரிபார்ப்போம்!"

"அருமையான கருத்து! யார் சொன்னது?"

"யாரும் வரலீங்களே ஐயா," என்றார் அதிகாரி.

பிறகு கோட்டைக் கேள்வி கேட்டார்கள். அது எதிர்த்துப் பேசவில்லை, சம்பள உயர்வு கேட்கவில்லை, கொட்டாவிகூட விடவில்லை. "இவ்வளவு அடக்கமான ஆளைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு!" என்று தலைவர் உருகினார். கோட்டு ஒருமனதாக நிரந்தரமாக்கப்பட்டது.

அதற்குப் பின் அவன் கோட்டைக் கழற்றவே இல்லை. கல்யாணமோ சாவோ காய்கறிக் கடையோ, எங்கும் கோட்டுதான். வெளியே அணியக்கூடாது என்ற விதி? அது தற்காலிகப் பணியாளருக்குத்தானாம்.

"கழட்டினா நான் வேலையிலேயே இல்லை, அத்தான்," என்பான்.

நான் நம்பவில்லை. எதிரே நிற்கிற ஆளைத் தெரியாமல் போகுமா? இதை அவனிடம் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

போன வாரம், கந்தலாகிப்போன கோட்டைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு, வெறும் சட்டையோடு என் வீட்டு மணியை அடித்தான். நான் கதவைத் திறந்தேன். வாய்நிறையச் சிரித்தான். மேலும் கீழும் அவனைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்:

"யாருங்க நீங்க? யாரைப் பாக்கணும்?"