குயிலுக்குக் கிழக்கே போனவன்

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய குன்வோர் அக்காவுக்கு,

தம்பி ஹில்டிங் பணிவுடன் எழுதுவது. நானும் உன் பூனையும் நலம். திங்கட்கிழமை உன் இதயத்தில் நடக்கவிருக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இயேசு பரமேறிய திருநாளன்று விடியலில் காட்டுக்குப் போய், முதல் குயில் எந்தத் திசையில் கூவுகிறது என்று கேட்டு எழுதச் சொன்னாய். மேற்கென்றால் நன்மை, கிழக்கென்றால் ஆறுதல், வடக்கென்றால் துக்கம், தெற்கென்றால் சாவு. "தெக்குல கூவுச்சுன்னா டாக்டரைக் கத்தியத் தொட விடமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே மிரட்டினாய். முப்பத்தெட்டு வருஷம் நிலம் அளந்தவன் நான். திசை விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

இன்று நான்கு மணிக்கே பக்கத்து வீட்டுத் தீராவோடு கிளம்பினேன். காட்டுச் செர்ரி வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது, அந்த வாசனையில் தலை கிறுகிறுத்தது. லைலாக் பாதி மலர்ந்திருந்தது. பேர் தெரிந்ததும் தெரியாததுமாக எல்லாப் பறவையும் பாடின. நீ இல்லாமல் கேட்கக் கஷ்டமாக இருந்தது அக்கா. ஏரிக்கரையில் தீரா காப்பி ஊற்றும்போது குயில் கூவியது. திசைகாட்டியைப் பார்த்தேன். தெற்கு. ஒரு பாகைகூடப் பிசகாத தெற்கு.

ஆனால் திசை என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. குயில் மேல் தப்பில்லை, நான்தான் வடக்கே நின்றுவிட்டேன். குயிலுக்குக் கிழக்கே போய் நின்றால் அது எனக்கு மேற்குதானே? உடனே நடந்தேன், முள்கம்பியில கால்சட்டை கிழிஞ்சுது, சேத்துல முழங்கால் வரைக்கும் இறங்கிட்டேன், ஒரு பூட்ஸை சேறே வச்சுக்கிச்சு, ஒருவழியா கிழக்கே போய்ச் சேந்தா அது பறந்து வேற மரத்துல உக்காந்துக்கிச்சு, விடுவேனா, மறுபடி சுத்துனேன். தீரா கரையில நின்னு, "ஏன்யா ஹில்டிங், அது உங்க அக்காவுக்காகக் கூவல, பொட்டைக் குயிலுக்காகக் கூவுது. வந்து காப்பியக் குடி" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழரை மணிக்கு, ஒற்றை பூட்ஸோடு நிற்கும்போது, செர்ரிப் புதருக்குப் பின்னாலிருந்து இரண்டு தரம் 'குக்கூ'. அளந்தேன். மேற்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆகவே தயங்காமல் கையெழுத்துப் போடு. உறைக்குள் ஒரு கொத்து செர்ரிப் பூ வைத்திருக்கிறேன், உதிர்ந்திருந்தாலும் மோந்து பார். ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார். நர்ஸ் அம்மாக்களுக்கு என் வணக்கமும் பூனையின் அன்பும்.

கீழ்ப்படியாத தம்பி,
ஹில்டிங்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு தீரா வந்தாள், அதனால் மறுபடி பிரித்து எழுதுகிறேன். புதருக்குப் பின்னால் கூவியது அவள்தானாம், என் கோலத்தைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். எனவே மேலே எழுதிய மேற்கு செல்லாது. வரைபடத்தை விரித்து அளந்துவிட்டேன். உன் கட்டிலுக்கு நம் ஊர் நேர் மேற்கு. ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், கீழே நின்று நானே கூவுகிறேன். குரல் சகிக்காது, திசை தப்பாது.