டாக்டரம்மா கேட்ட துப்பாக்கி

எங்கள் ஊரில் கையில் பேனாவோடு வருகிறவர் "இருக்கா?" என்று கேட்டால், "இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். எதைக் கேட்கிறார் என்பது இரண்டாம் பட்சம். யாங்கோனில் பிறந்த பிள்ளை அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி பழகும் சொல் 'மஷிபூ'. பர்மிய மொழியில் 'இல்லை' என்று அர்த்தம். வார்டு ஆபீஸிலிருந்து வந்து, ராத்தங்க விருந்தாளி யாராவது இருக்கிறார்களா என்பார்கள். கட்டிலுக்கு அடியில் சித்தப்பா தும்மிக்கொண்டிருப்பார். மஷிபூ. (தும்மியது பூனை.) இந்தப் பழக்கம் என்னை ஐம்பது வயது வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரே ஒரு நாள் காலை வாரிவிட்டது.

எனக்கு வேலை பெர்ரி ஓட்டுவது. ஆற்றில் ஓடும் படகு என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாளர்களை ஆலைக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸைத்தான் இங்கே பெர்ரி என்போம். விடிந்ததும் எங்கள் பேட்டையான பசுந்தாங்கில் கிளம்பி, வழியெல்லாம் தையல்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு லைங் தாயாவில் ஒரு துணி ஆலையில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். பெரிய உத்தியோகம் இல்லை. கண் திறந்திருந்தால் போதும்.

அந்தக் கண்தான் கெட்டது. என் மகன் முருகேசன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற காலத்தில் வயதுப் பையன்கள் ஏன் போகிறார்கள் என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். அவன் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை விழித்துக்கிடந்தேன். தகவல் வந்த பிறகு தூங்கியிருக்கலாம். அதற்குள் தூங்குவது எப்படி என்பதே மறந்துபோய்விட்டது. பாயில் படுத்தால் வராத தூக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வந்தது. ஒரு நாள் லைங் ஆற்றுப் பாலத்தில் முட்டை லாரி ஒன்றின் பின்புறத்தை முத்தமிடப் போனேன். பஸ் முழுக்கப் பெண்கள் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மா தீடா என்ற தையல் மேஸ்திரி என் வீட்டு வாசலுக்கே வந்து என் மனைவியைக் கூப்பிட்டாள். "மல்லிகாக்கா, இவரை டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்லேன்னா நாங்க மானேஜர்கிட்ட சொல்லிடுவோம். எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வேலை போனால் எங்களுக்குச் சோற்றுக்கு வழியில்லை. அதைவிட, பாலத்தில் அந்தப் பெண்கள் போட்ட சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை. மறுநாளே லீவு சொல்லிவிட்டு, மனைவி மல்லிகாவோடு பக்கத்துத் தெரு கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். எனக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். ஆனாலும் 'சயாமா' என்று மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும். அவர் என்னை 'ஊலே', அதாவது மாமா, என்றார். பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான். நாக்கை நீட்டச் சொன்னார், ரத்த அழுத்தம் பார்த்தார், டீ எத்தனை குடிக்கிறீர்கள் என்றார். எல்லாம் முறையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"வீட்ல துப்பாக்கி ஏதாவது இருக்கா, ஊலே?"

தலைக்கு மேல் மின்விசிறி நின்றுவிட்டது. (கரண்ட் போய்விட்டது. எங்கள் ஊரில் அது எந்த நேரமும் போகும்.) புழுக்கம் தாங்காமல் நர்ஸ் வந்து கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

இந்த ஊரில், இந்தக் காலத்தில், இந்தக் கேள்வியை நல்லவர்கள் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதைவிடப் பெரிய சங்கடம், வீட்டில் ஒன்று இருந்தது. அலமாரி மேலே, பழைய லுங்கி சுற்றி. மரத் துப்பாக்கி. கோயில் திருவிழா நாடகத்தில் நான் வேடனாக நடித்தபோது முருகேசன் செய்து கொடுத்தது. (புராண காலத்து வேடனுக்குத் துப்பாக்கி ஏது என்று கேட்பீர்கள். வில் உடைந்துவிட்டது, விடிந்தால் நாடகம், பையனுக்குச் செய்யத் தெரிந்தது துப்பாக்கிதான், என்ன செய்ய?) பையன் கறுப்புப் பெயின்ட் அடித்து, அசலைப் போலவே செய்திருந்தான். அவன் போன பிறகு மல்லிகா அதைத் தூக்கி எறிய விடவில்லை.

மல்லிகா என் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தாள். "என்னங்க, சொல்லிடலாமா? மரம்தானே?"

"மரமா இரும்பான்னு யாருடி தட்டிப் பாத்துட்டுப் புடிக்கப் போறான்? பேசாம இரு."

"பதில் சொல்லாம இருந்தா சந்தேகப்படுவாங்கங்க."

அதுவும் சரிதான். நிமிர்ந்து உட்கார்ந்து, "மஷிபூ" என்றேன். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஒரு பொய்யைச் சொன்ன வாய் மற்றதையும் அதே வேகத்தில் சொல்ல ஆரம்பித்தது.

"தூக்க மாத்திரை, பூச்சி மருந்து ஏதாவது?"

"இல்ல."

"சாராயம்?"

"இல்ல." (மல்லிகா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.)

"வீட்ல கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல." (பார்த்த பார்வை அப்படியே நின்றது.)

"பிள்ளைங்க?"

"இல்ல."

இதைச் சொல்லும்போது மட்டும் மல்லிகாவின் பக்கம் நான் பார்க்கவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. இறக்கத்தில் பிரேக் போன வண்டியை எப்படி நிறுத்துவது?

"இனிமே வாழணும்னு ஆசை இருக்கா, ஊலே?"

"இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊலே, உங்களை இன்னைக்குத் தனியா அனுப்ப மாட்டேன். வண்டியத் தொடவே கூடாது. ஆலைக்கு நானே பேசறேன். பெரிய ஆஸ்பத்திரியில சேத்துக்கலாம்" என்றார். என் வேலை என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. எந்தக் கேள்விக்கு எந்த 'இல்லை'யைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தேன்.

மல்லிகாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, தெரிந்த பர்மிய மொழியிலெல்லாம் கத்தினாள்.

"சயாமா! இந்த மனுஷன் சொல்றது அத்தனையும் பொய்! நான் இவரு பொண்டாட்டி. மகன் இருக்கான். சனிக்கிழமையானா பாட்டில் இருக்கு. துப்பாக்கியும் இருக்கு, அலமாரி மேல!"

கதவு திறந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா? வெளியே காத்திருந்த நோயாளிகளுக்கு அது போதும். செருப்பு மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தால் பெஞ்சு காலி. காய்ச்சலில் சுருண்டு கிடந்தவர்கூட எழுந்து நடந்துவிட்டார். மருந்தில்லாமல் குணமானவர் அன்றைக்கு அவர் ஒருவர்தான்.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். "அக்கா, நான் எதுவும் கேக்கல. நீங்க எதுவும் சொல்லல" என்றார்.

அவரும் எங்கள் ஊர்ப் பெண்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே பயம் தெளிந்து எல்லாவற்றையும் சொன்னேன். மரம், பெயின்ட், அதைச் செய்துவைத்துவிட்டுப் போன மகன், உடைந்த வில், வேடன் வேஷம். கேட்டுக்கொண்டே வந்தவர் வேடனில் சிரித்துவிட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "வெளிநாட்டு டாக்டருங்க நடத்துற பாடம் ஒண்ணு போன்ல படிக்கிறேன், ஊலே. தூக்கம் போனவங்க, மனசு விட்டுப்போனவங்க வந்தா இதக் கேக்கணுமாம். கைக்கெட்டுற எடத்துல அது இருக்கக் கூடாதுன்னுதான். யாருக்கும் போய்ச் சொல்றதுக்கு இல்ல."

"அங்க ஜனங்க பதில் சொல்றாங்களா, சயாமா?"

"அங்கயும் பாதிப் பேரு, அது ஒனக்கு எதுக்குன்னுதான் கேக்கறாங்களாம்."

வெளியேதான் ஆள் இல்லையே, அவருக்கும் அவசரமில்லை. பிறகு பேனாவைத் தொடாமல், "மகன் போனதுலேருந்துதானா தூக்கம் இல்ல?" என்று கேட்டார்.

அதற்கு என்னால் 'மஷிபூ' சொல்ல முடியவில்லை. ஐம்பது வயது ஆள், டாக்டர் மேஜையில் தலையை வைத்து அழுதேன். முருகேசன் போன பிறகு எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று கேட்டவர்கள் உண்டு. நீ தூங்கினாயா என்று கேட்டவர் அந்தப் பெண் ஒருவர்தான்.

மாத்திரை கொடுத்தார். தூக்கம் ஒழுங்காகும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்பதில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. மானேஜர் முணுமுணுத்துவிட்டு, அதுவரை என்னை ஆலை கேட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். சம்பளம் பாதி. வேலை தப்பியது.

நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் செய்தி பசுந்தாங் வந்து சேர்ந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அதுவரை அவர் எனக்குத் தலைகூட ஆட்டியதில்லை. இனி அந்த மரத் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது என்று மல்லிகாவுக்கும் தெரிந்துவிட்டது. துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் வைத்தோம். தேக்கு. லேசில் பற்றவில்லை. பெயின்ட் கருகி, மாடி முழுக்க நாற்றம். ஊதி ஊதி மல்லிகாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். புகை என்றாள். நானும் புகை என்றே வைத்துக்கொண்டேன். அதில் ஒரு பானை சோறு வெந்தது.

முருகேசனிடம் போனில் சொன்னோம். கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். எல்லை தாண்டிய பிறகு முதல் தடவையாக விழுந்து விழுந்து சிரித்தான்.

இப்போது நான் மறுபடி பெர்ரி ஓட்டுகிறேன். "ஊலே, துப்பாக்கி எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் மா தீடா ஏறுகிறாள். முருகேசனும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறான்.

"அப்பா, வீட்ல துப்பாக்கி இருக்கா?"

"இல்லடா."

"சாராயம்?"

"இல்லடா." (பின்னாலிருந்து மல்லிகா, "இருக்கு!")

"பிள்ளைங்க?"

பெரும்பாலும் அந்த இடத்தில் லைன் அறுந்துவிடும். எங்கள் ஊர் இன்டர்நெட்டுக்கு அதற்கு மேல் தெம்பில்லை. இருந்தாலும் அறுந்துபோன போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "இருக்கான்டா, ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வைக்கிறேன்.