மீன்பெட்டி விமானமும் முறைப்படியான அனுமதியும்

கேரளத்தின் தெற்கு எல்லையோரம், கொல்லயில் பஞ்சாயத்தில் குடியிருக்கும் விமலகுமாரி ஒரு விமானம் செய்தார். நாட்டில் எத்தனையோ பேர் எதையெதையோ செய்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று என்று விட்டிருக்கலாம். விட முடியாமல் போனதற்குக் காரணம், அவர் அதைப் பறக்கவிட அனுமதி கேட்டதுதான்.

நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. உள்ளே போய் வந்தவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓய்வு பெற்ற பெண்கள் கசவுச் சேலை கட்டி, வட்டமாக நின்று கைகொட்டி ஆடி ரீல்ஸ் போடுவது இப்போது இந்தப் பக்கத்து நாகரிகம். விமலகுமாரியையும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. சர்வீஸ் முழுக்க மேஜையில் குனிந்தே கிடந்த கழுத்து அது. அதை ஒருமுறை நிமிர்த்தி, தான் செய்த ஒன்றை வானத்தில் தன் கையாலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். வேறு ஆசை கிடையாது.

யூடியூபைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். காரோடு என்ற ஊரிலிருந்து பைக்கில் மீன் கொண்டுவந்து விற்கும் பயஸ் கொடுத்த தெர்மோகோல் பெட்டியை அறுத்து உடலும் இறக்கையும் ஆயின. மோட்டாரும் பேட்டரியும் ரிமோட்டும் கூரியரில் வந்தன. இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தால் வால் தொங்கியது. மூக்கில் ஒரு துருப்பிடித்த நட்டைச் சொருகினார். விமானம் விரல் நுனியில் மட்டமாக நின்றது. பிரமோஷன் வந்த அன்றுகூட அவருக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை. சாளை மீன் மணம் மட்டும் போகவில்லை. அக்கம்பக்கத்துப் பூனைகள் விமானத்தை மிகுந்த மரியாதையுடன் சுற்றி வந்தன.

"சேச்சி, ஒண்ணு பறத்திக் காட்டுங்க, பாப்பம்" என்றார் பயஸ்.

"அனுமதி வரட்டு."

"ஆருக்க அனுமதி? காக்கா பறக்குது, கொக்கு பறக்குது. அதெல்லாம் ஆருட்ட கேட்டுட்டு பறக்குது?"

"அதுக்க காரியம் எனக்குத் தெரியாது. அனுமதி இல்லாம நான் ஒண்ணும் செய்ததில்ல பயஸே. ஒருத்தரையும் செய்ய விட்டதுமில்ல."

இரண்டாவதாகச் சொன்னது சத்தியம். அதற்கு அந்தத் தாலுகா முழுக்க சாட்சி உண்டு.

இந்தப் பக்கம் அபேட்சை என்று சொல்லும் விண்ணப்பத்தோடு பழைய அலுவலகத்துக்கே போனார். அவருடைய நாற்காலியில் இப்போது அனூப். விமலகுமாரியின் கீழே வேலை பழகியவர். எழுந்து நின்று கும்பிட்டார், விண்ணப்பத்தை வாசித்தார், வியர்த்தார்.

"மேடம், இது எந்த செக்ஷன்ல வரும்னு எனக்குத் தெரியேல."

"தெரியலேண்ணா தந்து விட்டிரு."

"அதெப்படி? நீங்கதானே படிப்பிச்சிய? தெரியாத காரியத்துக்கு அனுமதி குடுக்கப்பிடாது, இல்லேண்ணும் செல்லப்பிடாது, விவரம் கேக்கணும்னு."

சொன்னது உண்மைதான். சிஷ்யனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"இதுல எத்தன பேர் ஏறலாம்?"

"ஒரு பல்லி ஏறினா விழுந்திரும்."

"பயணிகள் இல்ல. பைலட்டு?"

"நானாக்கும். கீழ நிப்பேன்."

"பைலட்டு கீழ நிண்ணா, மேல நடக்கதுக்கு ஆரு பொறுப்பு?"

தான் அந்த நாற்காலியில் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்போம் என்று விமலகுமாரிக்குத் தோன்றியது.

"எங்க எறங்கும்?"

"அறுப்பு கழிஞ்ச வயல்ல."

அனூப் பேனாவைக் கீழே வைத்தார். "வயலா! நெல்லு அல்லாத காரியத்துக்கு வயல உபயோகிச்சா நிலத்துக்க தரம் மாத்தணுமே மேடம்."

"ரெண்டு நிமிசம் எறங்கதுக்கா?"

"ரெண்டு நிமிசத்துக்கு மாத்திட்டு, பொறவு திருப்பி மாத்தணும். ரெண்டுக்கும் தனித்தனி அபேட்சை."

ஓணம் போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று. அலமாரியில் கிடந்த பேட்டரி வீங்கியது. விமலகுமாரி வேறொன்று வாங்கினார். ஒருநாள் ஆய்வுக்குழு வந்தது. குழுவினர் ஒவ்வொருவராக விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுத்தார்கள். விமானத்தால் ஆபத்து உண்டு என்பதற்கும் ஆதாரமில்லை, இல்லை என்பதற்கும் ஆதாரமில்லை என்று கண்டறிந்தார்கள். ஆகவே மக்கள் பிரதிநிதி ஒருவர் முறைப்படி தொடங்கி வைத்தால் பறக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். மக்கள் பிரதிநிதி கை வைத்த காரியத்தில் பிற்பாடு யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது அல்லவா?

வயலில் பந்தல் எழுந்தது. விமானத்தைவிடப் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் வார்டு மெம்பர் பிஜுவின் முகம் முக்கால் பங்கு, மூலையில் விமானம். எல்லாவற்றையும் படம் பிடிக்க ஒரு கல்யாண டிரோன் தலைக்கு மேல் ரீங்காரம் போட்டது. அதற்கு அனுமதி உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

"மெம்பர் சாறே, ரிமோட்டு எனக்க கையில இருக்கட்டு. நீங்க கொடி காட்டினா போரும்" என்றார் விமலகுமாரி.

"அதெப்படி மேடம்? திறந்து வைக்கது நானாக்கும். ஒண்ணு அமுக்கிட்டு தாறேன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் எங்கள் பக்கம் கல்வெட்டுத் திரையைக் கையால் விலக்குவது கௌரவக் குறைவு. ரிமோட்டில்தான் திறப்பது. அமுக்கினால் திரை விலகும், கல்வெட்டு தெரியும், கை தட்டுவார்கள். பிஜு அப்படி ஒரு பஸ் ஸ்டாப்பையும், ஓர் ஓடைப் பாலத்தையும், ஒரு கக்கூசையும் திறந்தவர். ரிமோட்டில் அவருக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

பயஸ் விமானத்தை ஓங்கி எறிந்தார். பிஜு ரிமோட்டின் இடது குச்சியைக் கடைசி வரை மேலே தள்ளினார். விமானம் சீறிக்கொண்டு எழும்பியது. மெம்பர் ரிமோட்டைப் பத்திரமாக நாற்காலியில் வைத்துவிட்டு, ஜனங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

திறந்தாயிற்று, இனி என்ன? பொன்னாடை போர்த்த ஆறேழு பேர் மேடை ஏறினார்கள். விமலகுமாரி அவர்களை இடித்து நுழைந்து ரிமோட்டை எடுக்கும்போது விமானம் தென்னந்தோப்புகளைத் தாண்டி, மாநில எல்லையையும் தாண்டி, தமிழ்நாட்டில் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் இறங்கியிருந்தது. இறக்கை தனியாக, உடல் தனியாக.

விமலகுமாரி அழுதுவிட்டார். கைதட்டலில் அது கேட்கவில்லை. நம்முடைய வார்டிலிருந்து அண்டை மாநிலத்துக்கு நேரடி விமானம் என்று மைக்கில் பிஜு முழங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அனூப்பிடம் போனார். "இனி நான் பறத்தலாமா?"

"பறப்பு கழிஞ்சு போச்சே மேடம். அனுமதி ஒரு பறப்புக்கு உள்ளதாக்கும்."

"நான் பறத்தேலயே மக்கா."

"விமானம் பறந்துதா?"

"பறந்துது."

"அப்ப ரிக்கார்டு சரிதான்."

வீடு திரும்பும் பஸ்ஸில் அந்த அலுவலகத்தை வாழ்க்கையில் முதல்முறையாக மனதாரத் திட்டினார். அதே வசவை முணுமுணுத்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கிப் போனவர்களின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்கள் அன்று யாரைத் திட்டினார்கள் என்பதும் புரிந்தது. இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாழைத்தோட்டத்திலிருந்து விமானத்தைப் பொறுக்கி வந்தவர் பயஸ். எல்லை தாண்டி மீன் விற்கப் போகிறவருக்கு அது ஒரு வேலையே இல்லை. விமலகுமாரி பசை போட்டு, டேப் சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை பயஸ் பூசை முடிந்து நேராக வயலுக்கு வந்தார். பந்தல் இல்லை, அனுமதியும் இல்லை.

"எறி பயஸே."

எறிந்தார். விமானம் ஒருமுறை தாழ்ந்தது. விமலகுமாரியின் விரல் அசைந்தது, விமானம் நிமிர்ந்தது. இடப்பக்கம் என்றால் இடப்பக்கம் போனது, திரும்பு என்றால் திரும்பியது. கொக்குகள் விலகி வழிவிட்டன. கழுத்து வலித்தும் அவர் குனியவில்லை. என் கையில் இருக்கிறது, என் கையில் இருக்கிறது என்று உள்ளே யாரோ குதித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் ஆட்கள் சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பால் வாங்கப் போனவர்கள், ரீல்ஸ் பெண்கள், எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள்.

பயஸ் அருகில் வந்து கையை நீட்டினார். "சேச்சி, எனக்கும் ஒண்ணு தாங்க. ஒரே ஒரு சுத்து."

விமலகுமாரியின் விரல்கள் ரிமோட்டை இறுக்கிக்கொண்டன. கண் வானத்திலேயே இருந்தது.

"அப்படி சும்மா ஆருக்கும் தர ஒக்காது. ஒரு அபேட்சை எழுதிட்டு வா, பாப்பம்."

பயஸ் சிரிப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. வரப்பில் நின்றவர்கள் மளமளவென்று இறங்கி அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டதைப் பார்த்தார். இடம் போய்விடக் கூடாதே என்று ஓர் அடி முன்னால் நகர்ந்து, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"ஆருக்க பேருக்கு எழுதணும், மேடம்?" என்று கேட்டார்.